ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் போதுமா?

நம்ம பால்வீதியைச் சுற்றி நூற்றுக்கணக்கான கரும்பொருள் கொத்துகள் இருக்கணும்னு 1999-ல் கணினிக் கணக்குகள் சொல்லின. அப்போ தெரிந்த குள்ள கேலக்ஸிகள் பத்துப் பன்னிரண்டுதான். பிறகு ஸ்லோன் வான் ஆய்வில் மிக மங்கலான பல சிக்கின. சின்னக் கொத்துகளில் வாயு தங்காது, விண்மீன் பிறக்காதுன்னு விளக்கமும் வந்தது. 'பிரச்சினை தீர்ந்தது' என்கிறார்கள்.

எனக்கு இங்கேதான் உறுத்துது. அந்த விளக்கத்தின் அளவுகள் பெரும்பாலும் பால்வீதியை வச்சே சரிபார்க்கப்பட்டவை. ஒரே டெஸ்ட் கேஸில் பாஸான புரோகிராமை யாராவது ரிலீஸ் பண்ணுவாங்களா?

2024-ல் சாகா ஆய்வுக்குழு பால்வீதி போன்ற 101 கேலக்ஸிகளைச் சுற்றி, ஓரளவு பிரகாசமான 378 துணைகளைக் கணக்கெடுத்தது. ஒன்றுக்கு 0 முதல் 13 வரை! இந்த வித்தியாசம் ஏன்னு சொல்ற மாடல்தான் பாஸ்.