தைத்த கையே பாஸ் போடலாமா?

வீட்டு ஸ்டுடியோவைக் குறை சொன்னால் உடனே வந்து விழும் பெயர் பில்லி ஐலிஷ். அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவான ஆல்பம் 2020-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அப்புறம் அவிநாசியிலும் பல்லடத்திலும் மாடி அறையில் பாட்டுப் போடுகிறவரை என்ன கேள்வி கேட்பது என்கிறார்கள். கொஞ்சம் வயதான ஆள் என்றால், கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டை ஒட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவையும் 1992-இல் வந்த ‘ரோஜா’வையும் எடுத்து வைப்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் அவர்கள் வாதத்துக்கு எதிரான சாட்சிகள்.

பில்லி ஐலிஷ் பாட்டுகள் அந்த அறையில் பதிவாயின, அவ்வளவுதான். மிக்ஸிங் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீனம். ஒலித் தரத்துக்காக அதே ஆல்பம் தனியாக ஒரு கிராமி வாங்கியது; அதில் இருவர் பெயரும் இருக்கிறது. ரஹ்மானுக்கு ஒலிப்பொறியாளராக எச். ஸ்ரீதர் 2008-இல் இறக்கும்வரை உடன் இருந்தார். ஒலிப்பதிவுக்காக நான்கு தேசிய விருதுகள் பெற்றவர். அந்த வீடுகளில் இரண்டாவது காது ஒன்று இருந்தது. நம் வீடுகளில் இல்லை. பல வருடமாக நான் சொல்லிவரும் புகார் இந்த ஒன்றுதான்.

வீட்டு ஸ்டுடியோ கொடுத்ததை நான் மறுக்கவில்லை. வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் கும்மி பழகுகிறார்கள். அந்தப் பாட்டுகளை எந்த ஆசிரியர் சென்னையில் வாடகை கட்டிப் பதிவு செய்வார்? லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஒரு மைக் இருந்தால் ஷிப்ட் முடித்த பிறகு ராத்திரி பாடலாம், கொங்குப் பேச்சைத் திருத்தாமல் பாடலாம். பெரிய வரவு.

கோளாறு பாடி முடித்த பிறகு ஆரம்பிக்கிறது. பதிவு செய்தவரே, அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறார், மாஸ்டரும் செய்கிறார். அந்த அறை பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய பத்தடி. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியில் 56 ஹெர்ட்ஸ் அருகே ஓர் அலை அங்கேயே தங்கிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்றின் அலையும் அதே இடத்தில் வந்து கூடும். கிக் டிரம்மின் அடித்தளம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அறை நடுவில் மேசை போட்டவருக்கு அடி காணாமல் போகிறது, ஏற்றுகிறார். மூலையில் போட்டவருக்குக் கும்மென்று கேட்கிறது, குறைக்கிறார். அந்த அலையின் நீளம் ஆறு மீட்டர். சுவரில் ஒட்டிய ஓரங்குல ஸ்பாஞ்ச் அதை ஒன்றும் செய்யாது. ஹெட்ஃபோன் போட்டால் அறையிலிருந்து தப்பலாம், தன் பழகிப்போன காதிலிருந்து தப்ப முடியாது. நூறு தடவை கேட்ட பாட்டில் குரல் புதைந்திருந்தாலும் அவருக்கு வரி புரியும். வரி மனப்பாடம் அல்லவா!

கும்மியில் இதன் சேதம் பளிச்சென்று தெரிகிறது. முப்பது நாற்பது பேர் கை தட்டும்போது எல்லாக் கையும் ஒரே கணத்தில் விழாது. மயிரிழை முன்னும் பின்னுமாக விழுந்து அகலமான ஒரு சத்தமாகும். வீட்டுப் பதிவுகள் பலவற்றில் அந்த இடத்தில் மென்பொருளில் இருந்த ஒற்றைத் தட்டு. அதன்மேல் கிக், எல்லாவற்றுக்கும் மேல் லிமிட்டர். கிக் விழும்போதெல்லாம் லிமிட்டர் முழுப் பாட்டையும் அழுத்துகிறது. பாடும் அம்மாவின் குரல் அடிக்கு ஒரு தரம் உள்ளே போய் வெளியே வருகிறது. இழுத்துப் பாடும் வரியின் கடைசி எழுத்து கேட்பதே இல்லை. வட்டம் வேகமெடுக்கும் இடத்தில் கும்மி ஏற வேண்டும். முதல் வரியே உச்சத்தில் நின்றால் எங்கே ஏறுவது?

சத்தம் பத்தாமல் போய்விடுமோ என்ற பயம் இது. யூடியூபோ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சத்த அளவைத் தாண்டியதைத் தானே இறக்கிவிடுகிறது. மைனஸ் 7-க்கு ஏற்றிய பாட்டில் ஏற்றிய 7 டெசிபெலும் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். கோயில் நோம்பியில் எடுபட வேண்டாமா என்பார்கள். அங்கே சத்தம் கூட்ட ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. நசுங்கிய குரலை நிமிர்த்தத்தான் அங்கே எதுவும் இல்லை.

இத்தனையும் நடப்பது திருப்பூரில். எந்த பனியன் கம்பெனியிலாவது தைத்தவரே சரக்கைப் பாஸ் போடுவதுண்டா? செக்கிங் மேசையில் வேறு ஆள் நிற்கிறார். அதற்கு மேல் பையர் அனுப்பியவர் பெட்டியைப் பிரித்து, எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற ஏ.க்யூ.எல். கணக்குப்படி பீஸ் எடுத்துப் பார்க்கிறார். டெய்லரின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. காலையிலிருந்து கை மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்த கண்ணுக்கு விட்டுப்போன தையல் தெரியாது, அதனால்தான். டீ-சர்ட்டுக்கு இவ்வளவு பார்க்கும் ஊர், அம்மாவும் பாட்டியும் பாடிய பாட்டை ஒருவரிடமும் காட்டாமல் வெளியே அனுப்புகிறது. இதைச் சுதந்திரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறர் குறை சொல்லக் கேட்க மனமில்லை, அதுதான் விஷயம்.

2014-இல் வந்த லேண்டர் போன்ற தானியங்கி மாஸ்டரிங்கை இதற்குப் பரிகாரமாகச் சொல்கிறார்கள். அது கோப்பை வாங்கிக் கோப்பைத் திருப்பித் தரும். “இந்த வரி புரியலீங்க, இன்னொருக்கா பாட வையுங்க” என்று சொல்லாது.

மாஸ்டரிங் பொறியாளருக்குக் கொடுக்கக் காசில்லை என்பது நியாயம்தான். அவிநாசியில் மிக்ஸ் ஆன பாட்டைப் பல்லடத்துக்காரர் தம் அறையில், தம் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுச் சொல்ல என்ன செலவு? பதிலுக்கு இவர் அவருடையதைக் கேட்கலாம். வெளிவரும் முன்பே மெட்டு கசிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கும்மி மெட்டுகளில் பெரும்பாலானவை ஊருக்குப் பொது, யாரும் திருட வேண்டியதில்லை. “கிக்கைக் குறைங்க, அம்மா குரல் கேக்கலைங்க” என்று ஒரு வரி எழுதி அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.