விலங்காய் நின்று அஞ்சுதல்: ‘ரெயின் வேர்ல்டு’ கணினி விளையாட்டும் ஆட்டக்காரர் மதிப்பீடுகளும்

முன்னுரை

படைப்பின் பொருள் படைப்பாளியிடம் மட்டும் இல்லை. அதனை ஏற்போரிடமும் உருவாகிறது என்பது வாசகர் ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படையாகும். கணினி விளையாட்டில் ஆடுபவர் தோற்றால் கதையே நின்றுவிடுவதால் இவ்வுண்மை மேலும் வெளிப்படையாகிறது. 2017இல் வெளிவந்த ‘ரெயின் வேர்ல்டு’ என்னும் தாவியேறும் வகை விளையாட்டு குறித்த ஆட்டக்காரர் கருத்துகளை மெய்ப்பாட்டு நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் அமைப்பு

யோர் யாகோப்சன், ஜேம்ஸ் பிரைமேட் ஆகிய இருவரை மையமாகக் கொண்ட வீடியோகல்ட் என்னும் சிறு குழு, 2014இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி இதனை உருவாக்கியது. ஓடற்ற நத்தையும் பூனையும் கலந்தாற்போன்ற சிற்றுயிர் ஒன்று குடும்பத்தைப் பிரிந்து, பாழடைந்த தொழிற்கூடங்களிடையே இரைதேடி அலைகிறது. கொல்லும் பெருமழை வருமுன் போதிய இரையுண்டு புகலிடம் சேரவேண்டும். சேர்ந்தால் ‘கர்மா’ நிலை ஒருபடி உயரும். இறந்தால் ஒருபடி தாழும். குறித்த நிலையை எட்டினாலன்றி அடுத்த நிலப்பகுதிக்குரிய வாயில் திறவாது.

வெகுளியும் மருட்கையும்

வெளிவந்தபோது இவ்விளையாட்டு கலவையான வரவேற்பையே பெற்றது. குறைகூறியோர் முதன்மையாக இரண்டைச் சுட்டினர். ஒன்று, முன்னறிவிப்பின்றி நேரும் சாவு. மற்றொன்று, கடந்த வழியையே மீண்டும் மீண்டும் கடக்க நேரும் சலிப்பு. போற்றியோரோ, ஆடுபவர் கண்ணுக்கு அப்பாலும் பல்லிகளும் பிற உயிர்களும் தம்போக்கில் திரிந்து வேட்டையாடுவதைக் கண்டு வியந்தனர். ஒரே அமைப்பு ஒருசாரார்க்கு வெகுளியையும் மறுசாரார்க்கு மருட்கையையும் தந்துள்ளது.

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் விலங்கினையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அங்கு அஞ்சுவோர் மாந்தர், அஞ்சப்படுவது விலங்கு. இங்கோ ஆடுபவரே விலங்காகி அஞ்சுகிறார். பெரும்பாலான விளையாட்டுகளில் உலகம் ஆடுபவருக்காகவே இயங்கும். இதில் அவர் உணவுச்சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்னும் குறை, மாந்தர் இவ்விடமாற்றத்தை ஏற்க மறுப்பதன் வெளிப்பாடு எனலாம். காட்டில் வேட்டைவிலங்கு இரைக்கு முன்னறிவிப்புத் தருவதில்லை.

எனினும், எல்லாக் குறைகளையும் இவ்வாறு விலக்கிவிட இயலாது. வாயிலைத் திறப்பதற்காகவே ஓரிடத்தில் தங்கி, உண்டு உறங்கிக் கர்மா நிலையை உயர்த்தும் கட்டாயம் விலங்கின் வாழ்வியலிலிருந்து பிறந்ததன்று. அது விளையாட்டின் கணக்கு. இவ்விடத்தில் அச்சம் அகன்று சலிப்பே எஞ்சுகிறது. போற்றுவோர் இவ்விரண்டையும் பிரித்துக் காணாது, கடுமை அனைத்தையும் கலை என்று கொள்வது பொருந்தாது. பின்னர்ச் சேர்க்கப்பெற்ற ‘மாங்க்’ என்னும் எளிய ஆட்டமுறையில் ஒருமுறை திறந்த வாயில் திறந்தே இருப்பதும், அவ்வாறு இருந்தும் ஆட்டத்தின் உலகம் சிதையாமல் நிற்பதும் இதற்குச் சான்றாகும்.

முடிவுரை

காலப்போக்கில் ஆட்டக்காரர் மதிப்பீடு உயர்ந்தது. 2023இல் வெளிவந்த ‘டவுன்போர்’ என்னும் விரிவாக்கம், ஆர்வலர்கள் தாமே உருவாக்கிய சேர்க்கையிலிருந்து வளர்ந்ததாகும். ஏற்போர் படைப்போராகிய நிலை இது. ஆயினும் நிலைத்து நின்றோரின் புகழ்ச்சியை மட்டும் கொண்டு ஒரு படைப்பை அளத்தல் ஆகாது. இடையில் விட்டு விலகியோரின் வெகுளியும் திறனாய்வுக்குரிய சான்றே. அரிய நூலுக்கு உரைகாண்போர் இதனை நன்கு உணர்வர்: பொருளின் ஆழத்தால் வரும் அருமை வேறு, சொல்லும் முறையின் குறையால் வரும் இடர்ப்பாடு வேறு.