பத்து நிமிட தூரம்

வில்லியனூர், பாகூர் பக்கம் மனை விற்கிற நோட்டீஸ்களைப் படித்துப் பாருங்கள். 'மெயின் ரோட்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எதில் போனால் பத்து நிமிடம் என்பது மட்டும் இருக்காது. நடந்து போவதாக யாராவது நினைத்துவிட்டால் வியாபாரம் என்ன ஆவது?

புதுச்சேரி அழகு என்றதும் கடலோரத் தெருக்களைச் சொல்வோம். அந்தக் கட்டம் போட்ட அமைப்புக்கு அடித்தளம் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது கால்வாய்க்கு மேற்கே இருக்கிற தமிழர் வீடுகள். வாசலில் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக வீட்டுக்காரர் தன் செலவில் போட்டுவைத்த நிழல் அது. இன்றைய புது நகரில் நடப்பது நேர் எதிர். கார் ஏற்ற சிமென்ட் சரிவு தெருவுக்குள் நீள்கிறது. தெருவுக்கு வீடு கொடுத்த காலம் போய், தெருவிடமிருந்து வீடு பிடுங்கிக்கொள்கிறது.

இதற்காக வெளியூர் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. திருக்காமீசுவரர் கோயில், குளம், தேரோடும் வீதிகள், கூப்பிடு தூரத்தில் கடைகள், ரயில் நிலையம் என்று பழைய வில்லியனூரே நல்ல பாடம். பாகூரில் மூலநாதர் கோயிலை ஒட்டி ஊர், அதைத் தாண்டினால் வயலும் ஏரியும். நாம் வயலை எடுத்துக்கொண்டோம், ஊரின் புத்தியை விட்டுவிட்டோம்.

மனை வாங்குகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நகரத்துக்குள் விலை எட்டாது. பெட்ரோலோ தமிழ்நாட்டைவிட மலிவு. அவர் வேறென்ன செய்வார்? ஆனால் உப்பு வாங்கவே வண்டி எடுக்க வேண்டிய இடத்தில், லைசென்ஸ் இல்லாதவர்களின் கதி என்ன? பிள்ளைகளும் பாட்டிகளும் யாராவது கொண்டுபோய் விடும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். சுதந்திரம் என்பது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகளுக்குத் தடை. வில்லியனூர்க்காரர் பத்து கிலோமீட்டர் பைக்கில் வந்து, நிறுத்த இடம் தேடி அலைந்து, பிறகு குடும்பத்தோடு நிம்மதியாக நடக்கிறார். நடப்பதற்கு வண்டி ஏறிப் போக வேண்டியிருக்கிறது, சார்!

லேஅவுட்டுக்கு அனுமதி தருகிறவர்கள் இத்தனை அடி ரோடு என்று டேப் பிடிப்பது சரி. ஒரு பாட்டி குடையில்லாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட முடியுமா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.