இரண்டடி தூரத்துப் பெருந்தன்மை

டென்னிஸில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். கோல்ஃபில் அவர் நான்கு மணி நேரம் நம் பக்கத்திலேயே நடந்து வருகிறார். அதனால் அவர் குணம் நம் ஆட்டத்திலும் படிந்துவிடுகிறது. சிடுசிடுப்பவரோடு ஆடினால் மூன்றாவது குழிக்கு வருவதற்குள் நம் தோளும் இறுகிப்போகும்.

அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன். கொடைக்கானல் மைதானத்தில் பல வருடங்களாக என்னோடு ஆடுபவர் ஓய்வுபெற்ற பொறியாளர். ஃபேர்வே புல்வெளியில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தால், பையைக் கீழே வைத்துவிட்டு அவை நகரும்வரை ரசித்துப் பார்ப்பார். என் பந்து புதருக்குள் போனால் எனக்கு முன்னால் அவர் அங்கே குனிந்து தேடிக்கொண்டிருப்பார். ஆட்டம் அவருக்குச் சந்தோஷம். அதில் அடுத்தவருக்கும் பங்கு கொடுக்கத் தெரிந்தவர்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. என் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், "எடுத்துக்கோங்க" என்பார். கடைசித் தட்டை நான் தட்ட வேண்டியதில்லை, பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. இதை ‘கிம்மி’ என்பார்கள். இருவர் குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளேயில் விதியே இதை அனுமதிக்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. மொத்தத் தட்டுகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இதற்கு இடமே இல்லை.

இந்த வழக்கத்தின் உச்சம் 1969 செப்டம்பர் 20 அன்று, இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் நடந்தது. அமெரிக்க அணியும் பிரிட்டிஷ் அணியும் மோதிய ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசிக் குழி, இரு அணிகளும் சமம். அந்த ஜூலையில்தான் டோனி ஜாக்லின் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்தார். பிரிட்டிஷார் ஒருவர் அதை வென்று 18 வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு மிச்சமிருந்தது ஏறக்குறைய இரண்டடித் தட்டு. தவறினால் நாடே அதைச் சொல்லிக் காட்டும். தன் தட்டை முதலில் முடித்துவிட்ட அமெரிக்கர் ஜாக் நிக்லஸ், குனிந்து ஜாக்லினின் பந்து இருந்த இடத்து அடையாளத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். 16–16. ரைடர் கோப்பை வரலாற்றின் முதல் சமன். எதிரணிக்காரரின் பந்தைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டிஷ் அணித் தலைவர் எரிக் பிரவுன் தன் ஆட்டக்காரர்களிடம் சொல்லியிருந்த, கசப்பு மண்டிய தொடர் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. மூன்று நாள் உழைத்தது ஓர் அணி; தனி ஒருவர் எடுத்துக் கொடுக்க அந்த வெற்றி அவர் சொத்தா? ஆனால் முந்தைய வெற்றியாளர் என்ற முறையில், சமனானாலும் கோப்பை அமெரிக்காவிடமே தங்கும். நிக்லஸ் விட்டுக்கொடுத்தது தனி வெற்றியின் பெருமையை மட்டும். எனக்கு அவர் செய்தது சரியாகவே படுகிறது.

வாய் திறந்து தெளிவாகச் சொல்லாவிட்டால் இதே வழக்கம் கசந்தும் போகும். 2015இல் ஜெர்மனியில் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதிய சோல்ஹைம் கோப்பையில், குழிக்கு ஒன்றரை அடியில் நின்ற பந்தை, கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அமெரிக்காவின் அலிசன் லீ கையில் எடுத்தார். நான் கொடுக்கவில்லையே என்றார் எதிரணியின் சூசன் பெட்டர்சன். விதிப்படி குழி ஐரோப்பாவுக்குப் போனது. கொதித்தெழுந்த அமெரிக்க அணி அன்றே கோப்பையை வென்றது. பெட்டர்சன் மறுநாள் மன்னிப்புக் கேட்டார். கொடுப்பது பழக்கமாகிவிட்டால் வாங்குகிறவர் அதை உரிமையாக எண்ணத் தொடங்குகிறார். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் கோளாறு வேறு மாதிரி வந்தது. பந்தைக் குழிக்குள் தட்டும் மட்டையான பட்டரின் கைப்பிடி நீளத்துக்குள் இருந்தால் கொடுப்பது பழைய அளவு. என் நண்பரின் தாராளம் மூன்றடி, நான்கடி என்று நீண்டது. நான்கடியில் தொழில்முறை ஆட்டக்காரருக்கே பந்து சில சமயம் விழுவதில்லை. நான் அவற்றையெல்லாம் விழுந்ததாக அட்டையில் எழுதி வந்தேன். திறமை கூடக் கூடக் குறையும் எண்ணான ஹேண்டிகேப் எனக்கு இறங்கியது, என் கை அதற்கு ஈடாகத் தேறவில்லை. கடைசித் தட்டுவரை முடித்தாக வேண்டிய ஒரு போட்டியில் நான்கு குழிகளில் குட்டையான தட்டுகளைத் தவறவிட்டேன். தடுமாறியதற்குக் காரணம் பயிற்சியின்மை. என்னை அந்தத் தட்டுகளின் முன்னால் நிற்கவே விடாதது அவருடைய அன்பு.

அதை அவரிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை, "அப்ப இனிமே சும்மா நிக்கிறேன்" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர்மேல் மரியாதை கூடியது. அவருடைய நல்ல மனசு கிம்மியில் மட்டும் இல்லை. பந்து போன திசையை எனக்காகக் கவனித்துவைப்பார். நான் தட்டும்போது தன் நிழல் என் வழியில் விழாமல் ஒதுங்குவார். என் நல்ல அடியைத் தன்னுடையதுபோலக் கொண்டாடுவார். இவை எதுவும் கணக்கைத் தொடுவதில்லை.

போன மாதம் பதினெட்டாவது குழியில் எனக்கு மூன்றடி மிச்சம், இடப்பக்கம் சரிவு. அவர் கொடியைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். என் பந்து குழியின் ஓரத்தில் தங்கிவிட்டது. நான் அதை முடித்ததும் கொடியைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, "சரிவைச் சரியாத்தான் பாத்தீங்க. கொஞ்சம் மெதுவா தட்டிட்டீங்க, அவ்வளவுதான்" என்றார்.