மேக் வே ஃபார் தி இந்தியன் (இசைத்தொகுப்பு)

மேக் வே ஃபார் தி இந்தியன், பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ரெகே பாடகர் அப்பாச்சி இந்தியன் (இயற்பெயர் ஸ்டீவன் கபூர், பிறப்பு 1967) 1995-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பாகும். இதற்கு முந்தைய தொகுப்பான நோ ரிசர்வேஷன்ஸ் (1993) ஜமைக்காவின் ரெகே தாளத்தோடு பஞ்சாபிப் பேச்சைக் கலந்தது. மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

கேட்போர் கருத்து

"முதல் தொகுப்பு போல் இல்லை" என்பதே கேட்டவர்கள் பலரும் சொல்லும் குறை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையப் பகுதியில் கேசட் வாங்கிக் கேட்ட தலைமுறையில் பலருக்கு இவர் அறிமுகமானது, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த லவ் பேர்ட்ஸ் (1996) படத்தின் 'நோ ப்ராப்ளம்' பாடல் வழியாகத்தான். அந்தத் துள்ளலை எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கும் இத்தொகுப்பு சற்று அந்நியமாகவே பட்டது.

மதிப்பீடு

முந்தையதைப் போல் இல்லை என்பது மட்டும் குறையாகாது. ஜமைக்கப் பாடகர் ஃபிராங்கி பால், அமெரிக்க ராப் பாடகர் டிம் டாக் ஆகியோருடன் இதில் அவர் சேர்ந்து பாடுகிறார். 'இந்தியர்' என்ற அடைமொழியைத் தாண்டி, ரெகே பாடகராகவே மதிக்கப்பட வேண்டும் என்ற விருப்பம் அதில் தெரிகிறது. குரலிலும் தாளத்திலும் குறைவில்லை. குறைந்தது வீட்டுப் பேச்சுதான். முதல் தொகுப்பின் 'அரேஞ்சுடு மேரேஜ்' பாடலைப் பஞ்சாபி அறியாத நம்மவரும் ரசித்தார்கள். பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணம் நம் வீட்டுக் கதையும் அல்லவா? அவ்வாறு நெருங்கி வரும் பாடல் இத்தொகுப்பில் அரிது.