வாடகை சர்வர் யாருக்குக் கட்டுப்படியாகும்?

2020இல் 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 'ஹே' என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது. ஆறு மாதத்தில் 30,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 3 லட்சம் பேர் வந்து நின்றார்கள். சொந்த சர்வர்களை மட்டும் நம்பியிருந்தால் திறந்த கையோடு ஷட்டரை இறக்க வேண்டியிருந்திருக்கும். அமேசானின் வாடகை சர்வர்களில், அதாவது கிளவுடில், இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். அதே நிறுவனம் 2022 அக்டோபரில் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

இரண்டு முடிவுமே சரி என்பது என் கட்சி. எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரியாத நிலை மாறி, அடுத்த மாதமும் ஏறத்தாழ இவ்வளவுதான் என்று சொல்லக்கூடிய நிலை இடையில் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கலாம். மெஸ் நடத்துகிறவர் தினமும் எடுத்தால் என்ன ஆவார்? 2022இல் அவர்களுடைய கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு சர்வர்கள் வாங்கினார்கள். 2024இல் கிளவுட் பில் 13 லட்சமாக இறங்கியது.

இந்தக் கதையைக் கேட்டதும் சர்வர் வாங்கக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. 37சிக்னல்ஸில் சர்வர் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தார்கள். கட்டடம், ஜெனரேட்டர், குளிரூட்டும் வசதி எல்லாம் வாடகைத் தரவு மையத்துடையவை. ஒரே ஒரு சிஸ்டம் அட்மினை வைத்துக்கொண்டு ஓடும் நிறுவனத்தில் இரவு இரண்டு மணிக்கு ஹார்டு டிஸ்க் போனால், அவர் ஊருக்குப் போயிருந்தால்? அதற்கு வேண்டிய ஆட்களின் சம்பளத்தைச் சேர்க்காமல் போடும் எந்த ஒப்பீடும் பொய்க்கணக்குதான். (துணிக்கடைக்கோ கிளினிக்குக்கோ இந்தக் கேள்வியே வேண்டாம். பில்லிங் மென்பொருளை மாதச் சந்தாவில் வாங்கிக்கொண்டால் போதும்.)

சொந்தத்தையும் வாடகையையும் நெட்ஃபிளிக்ஸ் பிரித்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. 2008இல் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் திண்டாடிய நிறுவனம் அது. 2016 ஜனவரியில்தான் அமேசான் கிளவுடுக்கு முழுதாக மாறி முடித்தது. ஆனாலும் படத்தை வீட்டுவரை கொண்டுசேர்க்கும் வேலையை 'ஓப்பன் கனெக்ட்' என்ற சொந்தக் கட்டமைப்பே செய்கிறது. அதன் சர்வர் பெட்டிகள் பல இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஓயாமல் பாயும் பகுதி சொந்தம், மற்றது வாடகை.

கிளவுட் பில்லை வரிவரியாகப் படிப்பவர்கள் குறைவு. இணையத்திலிருந்து தரவை உள்ளே ஏற்றக் காசில்லை. வெளியே இறக்க, அமெரிக்க மண்டலங்களில் அமேசானின் வழக்கமான விலை ஜிபிக்கு 9 சென்ட். மாதம் 10 டிபி போனால் 900 டாலரை நெருங்கும். சோதனைக்காக எழுப்பிய சர்வர் இன்னொரு ஓட்டை. வேலை நடப்பது வாரத்தில் 50 மணி நேரம். மீட்டர் ஓடுவது 168 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை அதை அணைப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் பல அலுவலகங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

'பெரிய நிறுவனத்திடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கும்' என்ற நம்பிக்கைக்கும் அளவு உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் அமைப்பு, கூகுள் பக்கம் நேர்ந்த பிழையால் அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் காப்பு நகல் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது. அப்படியும் ஏறத்தாழ ஒரு வாரம் உறுப்பினர்களால் கணக்கைப் பார்க்க முடியவில்லை.

அதனால் நுழையும்போதே வெளியேறும் வழியையும் விசாரிக்க வேண்டும். 2024இல் கூகுளும் அமேசானும், மொத்தமாக விலகுகிறவர்களுக்குத் தரவு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. இது பாதி நிம்மதிதான். டைனமோடிபி போல அமேசானிடம் மட்டுமே கிடைக்கும் தரவுத்தளத்தை நம்பி மென்பொருளை எழுதியிருந்தால், அதைத் திருத்தி எழுதும் மாதங்களின் சம்பளம் நம் தலையில்தான் விழும்.