தோலில் பதிந்த அன்னை: எஸ்டர் எர்னாண்டஸின் ‘லா ஒஃப்ரெண்டா’

பெண்களுக்கிடையிலான உறவைப் போற்றும் திரை அச்சு ஓவியங்களுள் எஸ்டர் எர்னாண்டஸ் 1988-இல் படைத்த ‘லா ஒஃப்ரெண்டா’ தனித்து நோக்கத்தக்கது. கலிபோர்னியாவின் டினுபாவில் 1944-இல் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த இவர், சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் ஒன்றுகூடிச் சுவரோவியம் தீட்டிய ‘முஹேரெஸ் முராலிஸ்டாஸ்’ குழுவோடு பணியாற்றியவர். ஸ்பானியத் தலைப்பு காணிக்கையைக் குறிக்கும். ‘படையல்’ என்பது அதற்கு இன்னும் அணுக்கமான தமிழ்ச்சொல்.

ஓவியத்தில் ஒருத்தி முதுகு காட்டி நிற்கிறாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. முதுகில் குவாதலூப்பே அன்னையின் உருவம் பெரிதாகப் பச்சை குத்தப்பட்டுள்ளது. கீழிருந்து வேறொரு பெண்ணின் கை ரோஜா மலரொன்றை நீட்டுகிறது.

மரபுக் கதையின்படி, 1531-இல் தெப்பெயாக் குன்றில் தோன்றிய அன்னை, ஹுவான் தியேகோ என்னும் பழங்குடி மனிதரிடம் மலர்களைக் கொடுத்தனுப்பினாள். அவர் தம் மேலாடையை ஆயர் முன் விரித்தபோது மலர்கள் உதிர்ந்தன. துணியில் அன்னையின் உருவம் பதிந்திருந்தது. அங்கு ரோஜா, ஆயரை நம்பவைக்கும் சான்று. இங்குச் சான்று கேட்பார் எவருமில்லை. கற்றாழை நார்த்துணியின் இடத்தில் பெண்ணின் தோல் இருக்கிறது. மலர் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குச் செல்கிறது. திரை அச்சும் துணியின் ஊடாக மையை இறக்கி உருவம் பதிக்கும் முறைதான். இப்பொருத்தம் கருதிச் செய்யப்பட்டதோ இல்லையோ, வாசிப்புக்கு வலுவூட்டுகிறது.

எர்னாண்டஸ் 1975-இல் செதுக்கிய அச்சோவியத்தில் அதே அன்னை கராத்தே உடையில் காலை வீசி உதைக்கிறாள். அங்குப் பணிவான அன்னையின் இடத்தைப் போராளி எடுத்துக்கொண்டாள். ஒரு வடிவம் வர, மற்றது விலகியது. 1988-இல் அத்தகைய விலக்கம் இல்லை. தெய்வமும், அவளைச் சுமப்பவளும், மலர் தருபவளும் ஒரே சட்டகத்துள் நிற்கின்றனர். மலர் அன்னைக்கா, அவளைத் தாங்கும் உடலுக்கா என்பதை ஓவியம் பிரித்துக் காட்டுவதில்லை.

ஆயினும் இதனைத் ‘தோழமை’ என்ற பொதுச்சொல்லுள் அடக்குவது போதாது. பக்தி என்றோ நட்பு என்றோ மட்டும் பெயரிட்டால், பெண் பெண்ணை விரும்பும் காதல் மறைந்துபோகும். 1991-இல் கார்லா துருஹியோ தொகுத்த சிக்கானா தன்பாலீர்ப்புப் பெண்களின் எழுத்துத் தொகுதிக்கு இவ்வோவியமே அட்டையாயிற்று. அவ்வாசகர்கள் அதில் கண்டது அக்காதலையே. மறு அச்சில் அட்டை மாற்றப்பட்டது.

ஒரு குறையும் உண்டு. சுமப்பவளுக்கு உடல் வாய்த்திருக்க, தருபவள் வெறும் கையாகவே எஞ்சுகிறாள்.